வர்கணியும் தேணகியும்: ஹிங்கணே இல்லத்தைத் தாங்கிய சிறு கைகள்

(சற்று நீண்ட பதிவு; பொறுமையுடன் வாசிக்கக் கோருகிறேன்.)

பொதுப்பணிக்குத் தரும் பணத்தைக் குறிக்க மராட்டியின் அன்றாட வழக்கில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று தேணகி, மற்றொன்று வர்கணி. தேணகி என்பது நம் நன்கொடை. மனமுவந்து தருவது, தந்த கணத்திலேயே நிறைவு பெற்றுவிடுவது. வர்கணி அத்தகையதன்று. விநாயகர் சதுர்த்திக்கு முன்னர் புணேயின் மண்டல் இளைஞர்கள் ரசீதுப் புத்தகத்துடன் வாசலில் நின்று கேட்கிறார்களே, அதுதான் வர்கணி. நம் ஊர்த் திருவிழாவின் தலைக்கட்டு வரிக்கு நெருங்கிய உறவு அது. அடுத்த ஆண்டும் கேட்பார்கள் என்பது தருபவருக்குத் தெரியும். கணக்கைக் கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்பதும் தெரியும். மொழியியல் பயின்றவனுக்குச் சொல்லில் தொடங்கும் பழக்கம் போவதில்லை. ஆயினும் இங்கே சொல் வேறுபாடு வெறும் அகராதிச் செய்தியன்று. ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கும் ஒரு நிறுவனத்தின் வரலாறே இவ்விரு சொற்களுக்கு இடையிலான இழுபறியாக எனக்குத் தோன்றுகிறது.

அந்நிறுவனம் தோண்டோ கேசவ கர்வே தொடங்கிய ஹிங்கணே விதவையர் இல்லம். இன்று அவ்விடம் கர்வே நகர் என்று வழங்குகிறது. புணேயில் வாழ்வோர் கர்வே சாலையில் நாள்தோறும் நெரிசலில் நிற்கிறார்கள். அச்சாலை ஏன் அப்பெயர் பெற்றது என்று கேட்டால், 'பெண்கல்விக்குப் பாடுபட்டவர், பாரத ரத்னா பெற்றவர்' என்பதோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்வர். அவர் பணம் திரட்டிய முறையைப் பற்றிப் பேசுவோர் அரிது. பணம் திரட்டுவது சீர்திருத்தத்தின் சமையலறை வேலை. விருந்துண்டவர்கள் அதைப் பார்ப்பதில்லை.

கர்வேக்கு முன்பே புணேயில் இதே நோக்கத்தோடு ஒரு முயற்சி நடந்தது. பண்டித ரமாபாய் 1887இல் ஆங்கிலத்தில் எழுதிய உயர்சாதி இந்துப் பெண் பற்றிய நூல் அமெரிக்காவில் பரவலாக வாசிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் பாஸ்டனில் ரமாபாய் சங்கம் அமைந்தது. பத்தாண்டுகள் தொடர்ந்து உதவுவதாக அது உறுதியளித்தது. அமெரிக்காவின் பல ஊர்களில் 'ரமாபாய் வட்டங்கள்' தோன்றின. அவற்றின் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் சிறு தொகை செலுத்தினர். கொடையாளரைத் தக்கவைக்கும் ஏற்பாடு என்று பார்த்தால் அக்காலத்துக்கு அது மிகத் தேர்ந்த அமைப்பு. 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் சாரதா சதனம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே புணேக்கு இடம் பெயர்ந்தது.

1893இல் இடி விழுந்தது. மாணவியர் கிறித்தவத்தின்பால் ஈர்க்கப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டைக் கேசரி இதழ் தொடர்ந்து எழுப்பியது. ஆலோசனைக் குழுவில் இருந்த ரானடேயும் பண்டார்கரும் விலகினர். பெற்றோர் பலர் தம் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: பாஸ்டனிலிருந்து வரும் பணம் அதனால் நின்றுவிடவில்லை, நின்றது புணேயின் நம்பிக்கை. பணம் தந்தவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். பெண்களை அனுப்ப வேண்டியவர்கள் அடுத்த தெருவில் இருந்தார்கள். இவ்விரு கூட்டமும் ஒன்றாக இல்லாத நிறுவனத்தின் நிலை எவ்வளவு நொய்மையானது என்பதை அந்த ஆண்டு காட்டியது.

அதே 1893இல், அதே மார்ச் 11ஆம் நாளில், கர்வே இரண்டாம் திருமணம் செய்துகொண்டார். மணமகள் கோதுபாய், சாரதா சதனத்தின் முதல் விதவை மாணவி. திருமணத்துக்குப் பின் ஆனந்திபாய். ஊராருக்குப் பாயா கர்வே. விதவையை மணந்ததற்காகக் கர்வேயின் சொந்த ஊரான முருட் அவரை ஒதுக்கி வைத்தது. அந்த ஊருக்காகத்தான் அவர் தம் இளமையில் 'முருட் நிதி' என்ற ஒன்றைத் தொடங்கியிருந்தார்: ஊரைவிட்டு வெளியேறிப் பிழைப்பவர்கள் தம் வருமானத்தில் ரூபாய்க்கு இவ்வளவு என்று ஒரு சிறு பங்கை ஊர்நலனுக்கு ஒதுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தென்மாவட்ட வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நாடார் உறவின்முறைகளின் மகமை இதே தருக்கத்தில் இயங்கியது. வணிகத்தில் கைமாறும் சரக்கின் மீது சிறு தொகை. 1889இல் விருதுபட்டியில் எழுந்த சத்திரிய வித்தியாசாலை அந்த மகமைப் பணத்தில் வளர்ந்ததே. பெருந்தொகையை ஒருமுறை கேட்பதைவிடச் சிறுதொகையைப் பழக்கமாக்குவது வலிது என்பதை இரு சமூகங்களும் ஒருவரையொருவர் அறியாமலே ஏறத்தாழ ஒரே காலத்தில் கண்டுகொண்டிருந்தன.

1896 ஜூன் 14 அன்று அநாத பாலிகாசிரம மண்டளி நிறுவப்பட்டது. கர்வே அப்போது பெர்குசன் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கல்லூரி விடுமுறைகளெல்லாம் ஊர் ஊராகச் சென்று பணம் திரட்டும் நாட்களாயின. புணேயில் கொள்ளைநோய் பரவிய காலத்தில், நகருக்கு வெளியே ஹிங்கணேயில் ராவ் பகதூர் கணேஷ் கோவிந்த கோகலே ஆறு ஏக்கர் நிலமும் 750 ரூபாயும் தந்தார். 1900இல் அங்கே எழுந்தது ஒரு குடிசை. அங்கிருந்து கல்லூரிக்குக் கர்வே நடந்தே போய் வந்தார்; மழைக்காலத்தில் சேற்றில் நடந்து, திரும்பும்போது இல்லத்துக்கு வேண்டிய பொருள்களையும் சுமந்து வந்தார். இக்காட்சியை அவருடைய எளிமைக்குச் சான்றாகவே வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அது வேறொன்றாகவும் படுகிறது. அந்நகரில் கொடை கேட்கப்பட்ட ஒவ்வொருவரும் அம்மனிதர் நடப்பதைக் கண்ணால் பார்த்திருந்தார். எந்த ஆண்டறிக்கையும் தர முடியாத சான்று அது.

(இந்நடைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. பாயா கர்வே 1944இல் வெளியிட்ட தன்வரலாற்றில், கணவரின் பொதுப்பணிக்குக் குடும்பம் கொடுத்த விலையை ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். இல்லத்தின் முதல் கொடையாளர் யார் என்று பட்டியலிட்டால், விருப்பம் கேட்கப்படாமலே அதில் சேர்க்கப்பட்ட பெயர் அவருடையதாகவே இருக்கும்.)

இப்போது சங்கடமான பகுதிக்கு வருகிறேன். கர்வே விதவை மறுமணத்துக்கென்று 1893இலேயே ஒரு சங்கம் கண்டவர். தாமே அதைச் செய்தும் காட்டியவர். ஆனால் விதவையர் இல்லத்தை அவர் மறுமண இயக்கத்திலிருந்து முற்றாகப் பிரித்தார். இல்லம் கல்விக்கு மட்டுமே. அங்கே மறுமணம் பரப்பப்படாது. காரணம் வெளிப்படை. விதவை படித்துத் தன் காலில் நிற்பதை ஏற்கும் பழமையாளர் புணேயில் பலர் இருந்தனர். அவள் மறுமணம் செய்வதை ஏற்பவர் சிலரே. இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்தால் பணமும் வராது, பெண்களும் வரமாட்டார்கள். சாரதா சதனத்துக்கு நேர்ந்தது அனைவர் நினைவிலும் பசுமையாக இருந்தது. ஆசிரமத்தின் சமையலும் ஆசாரமும் ஐயத்துக்கு இடம் தராதபடி அமைந்தன. கர்வே மறுமண இயக்கப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். சீர்திருத்த நண்பர்கள் சிலர் இதைப் பின்வாங்கல் என்றனர்.

பின்வாங்கலா, போர்முறையா? என் முடிவு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கொடையாளரைத் தக்கவைக்க எதையும் பேசாமல் விடலாம் என்று தொடங்கினால், பேசாமல் விடப்படுபவை பெருகிக்கொண்டே போகும். ஹிங்கணே இல்லத்தில் நீண்ட காலம் பெரும்பாலும் பிராமணப் பெண்களே இருந்தனர். இதே நகரில் ஜோதிபா புலேயும் சாவித்திரிபாயும் 1848இலேயே பெண்பள்ளி நடத்தியவர்கள். சாதி வரம்பை அதிலேயே உடைத்தவர்கள். அவர்களுக்குப் பின்னே ஆயிரம் சந்தாதாரர் இல்லை, கர்வேக்கு இருந்தனர். சந்தாதாரர் பட்டியல் நீளும்போது நிறுவனத்தின் நாக்கு குறுகுகிறது என்பதை மறுக்க எனக்குச் சான்று கிடைக்கவில்லை. அதே வேளையில், அந்நீண்ட பட்டியல் இல்லாதிருந்தால் ஹிங்கணேயில் படித்து ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் வெளியேறிய பெண்கள் எங்கே போயிருப்பார்கள் என்பதையும் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அப்பெண்களில் ஒருவர் பார்வதிபாய் ஆட்டவலே. பாயாவின் சகோதரி, தாமும் விதவை. இல்லத்துக்காகப் பணம் திரட்ட அவர் இந்தியா முழுவதும் சுற்றினார். 1918இல் ஆங்கிலம் கற்க அமெரிக்கா வரை சென்றார். இது சாதாரண மாற்றமன்று. யாருக்காகக் கேட்கிறார்களோ அவரே கேட்பவராக வந்து நிற்கிறார். அதுவரை கொடையாளர் ஒரு பேராசிரியரின் சொல்லை நம்பிக் கொடுத்தார். இப்போது தாம் கொடுத்ததன் விளைவு எதிரே நின்று பேசுவதைக் கேட்டார்.

1915இல் பம்பாயில் கூடிய தேசிய சமூக மாநாட்டின் தலைமையுரையில், ஜப்பானின் மகளிர் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் காட்டி, இந்தியாவிலும் அத்தகைய ஒன்று வேண்டும் என்றார் கர்வே. மறு ஆண்டு ஐந்தே மாணவியருடன் அது தொடங்கியது, பயிற்றுமொழி தாய்மொழி. அரசின் அங்கீகாரம் இல்லை. பட்டத்துக்கு அரசு வேலைச் சந்தையில் மதிப்பும் இல்லை. இந்நிலையில் கர்வே செய்த ஏற்பாட்டைத்தான் இப்பதிவின் மையமாகக் கருதுகிறேன். ஆண்டுச் சந்தா செலுத்த இசைந்தவர்களைப் பல்கலைக்கழகத்தின் வாக்காளர் ஆக்கினார். செனட் சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்போர் அவர்களே. அரசியல் வாக்குரிமை மிகச் சிலருக்கே இருந்த காலம் அது. பல்கலைக்கழகம் ஒன்றின் ஆட்சியில் ஓர் ஆசிரியரோ எழுத்தரோ சிறு தொகைக்குக் குரல் பெற்றார். தேணகி கொடுத்தவருக்கு நன்றிக் கடிதம் போகும். வர்கணி கொடுத்தவருக்கு வாக்குச்சீட்டு போனது.

பின்னர் பெரும்பணம் வந்தது. பம்பாய் ஆலை முதலாளி சர் விட்டல்தாஸ் தாக்கர்ஸி உலகப் பயணத்தில் ஜப்பானின் அப்பல்கலைக்கழகத்தை நேரில் கண்டு திரும்பி, 1920இல் 15 லட்சம் ரூபாய் கொடை அறிவித்தார். பல்கலைக்கழகம் அவருடைய தாயார் ஸ்ரீமதி நாதிபாய் தாமோதர் தாக்கர்ஸியின் பெயரைப் பெற்றது, எஸ்.என்.டி.டி. என்று இன்று நாம் சொல்வது அதுவே. தலைமையிடம் பம்பாய்க்கு மாற வேண்டும் என்பதும் நிபந்தனை. 1936இல் அது மாறியது. சட்டபூர்வ அங்கீகாரம் 1951இல்தான் கிட்டியது. அதுவரை நிறுவனத்தைக் காத்ததில் தாக்கர்ஸியின் கொடைக்குப் பெரும்பங்கு உண்டு, அதை மறுப்பது நன்றியின்மை. ஆனால் ஒரே கொடையை நம்பியிருப்பதன் இடரும் கூடவே வந்தது. விட்டல்தாஸ் 1922இல் மறைந்தார். பின்னர் அவருடைய அறங்காவலர்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பிணக்கு மூண்டு, பணம் சில காலம் தடைப்பட்டது. எழுபதைக் கடந்த கர்வே 1929இல் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்றும், அடுத்துக் கிழக்கு, தென் ஆப்பிரிக்காவின் இந்தியக் குடியிருப்புகள் என்றும் சுற்றியது, 15 லட்சம் பெற்ற பிறகும் சிறு கைகளைத் தேடிய பயணமே.

ஹிங்கணேயின் மூல நிறுவனமோ வேறொரு வழியைக் கண்டது. தீபாவளியின் இறுதியில் வரும் பாவூபீஜ் நாளில் சகோதரி ஆரத்தி சுற்ற, சகோதரன் தட்டில் பணமிடுவான். அப்பணத்துக்கு ஓவாளணி என்று பெயர். நம் பிறந்த வீட்டுச் சீரைப் போலவே, கொடுக்காமல் இருப்பது கஞ்சத்தனமாக அன்றி, உறவை முறித்ததாகவே கொள்ளப்படும். இந்த நாளைத்தான் நிறுவனம் தன் நிதித் திரட்டலுக்குத் தேர்ந்தது: பாவூபீஜ் நிதி. மங்கலச் சடங்குகளில் ஒதுக்கி வைக்கப்பட்டவளை, முகமறியாத நகரத்தார் அனைவருக்கும் சகோதரியாக்கியது அந்த ஒற்றைச் சொல். ஏழைக்கு இரங்கிக் கொடுப்பவர் மனம் மாறலாம்; தங்கைக்குக் கொடுப்பவர் நாட்காட்டியைப் பார்த்தாலே நினைவு வந்துவிடும். கோரிக்கையின் இலக்கணமே மாறிவிட்டது. வேண்டுகோளாக இருந்தது உறவுமுறைச் சொல்லாயிற்று.

சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி 1912க்குப் பின் நடத்திய விதவையர் விடுதி பெரிதும் அரசுக் கல்வித் துறையின் ஆதரவில் வளர்ந்தது. ஐஸ் ஹவுஸ் கட்டடம் கிடைத்ததும் அவ்வழியேதான். அதனால் அப்பணியின் சிறப்பு குறையாது. ஆயினும் தமிழ்ச் சமூகம் ஆண்டுதோறும் அவருக்குச் சீர் கொண்டுபோய்க் கொடுத்த வழக்கம் ஒன்று உருவாகியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவ்வப்போது எண்ணிக்கொள்வதுண்டு.

1936இல், பல்கலைக்கழகம் பம்பாய்க்குப் போன அதே ஆண்டில், எழுபத்தெட்டு வயதுக் கர்வே பள்ளியில்லாத சிற்றூர்களுக்கென ஒரு தொடக்கக் கல்விச் சங்கம் தொடங்கினார். தம் சிறிய ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முதலில் இட்டுவிட்டு, புணேயின் வீடுகளுக்கு மீண்டும் நடக்கத் தொடங்கினார். 104 வயது வரை வாழ்ந்து 1962 நவம்பர் 9 அன்று மறைந்தார். தீபாவளியை ஒட்டிப் பாவூபீஜ் நிதி திரட்டும் வழக்கம் அவருக்குப் பின்னும் தொடர்ந்தது; புணேயின் குடும்பங்கள் பலவற்றில் அத்தொகை இன்றும் பண்டிகைச் செலவுக் கணக்கிலேயே எழுதப்படுகிறது, தருமக் கணக்கில் அன்று.