ரூ.16,380 போன வழி

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் முருங்கைக்காய் மூட்டை கைமாறும்போதே வருமானம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. விவசாயிக்குப் போகும் பணத்துக்கு வருமான வரி கிடையாது. விற்றுக்கொடுத்த மண்டிக்காரரின் கமிஷனுக்கு உண்டு. விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டி, மொத்த வரியையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டும் வசதி சிறு வியாபாரிகளுக்கு இருக்கிறது. கமிஷனும் தரகும் அந்த வசதிக்குள் வராது. அதனால் மண்டிக்காரர் நான்கு தவணையாகத்தான் அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும்: ஜூன் 15-க்குள் ஆண்டு வரியில் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும்.

அப்படி ஒரு மண்டிக்காரரையும், 2025-26-க்காக அவர் கட்டிய முதல் தவணையையும் எடுத்துக்கொள்வோம். அந்தப் பணம் பிறந்த இடம் ஆடிட்டரின் மேசை. ஏப்ரல், மே மாதக் கமிஷன் மட்டுமே அங்கே நிஜம். மீதிப் பத்து மாதத்துக்குக் கையில் இருப்பது போன வருஷத்துப் பேரேடு. ஓணத்துக்குக் கேரளா எவ்வளவு வாங்கும், ஐப்பசி மழை எப்படி இருக்கும், வெளியூர் வியாபாரிகளின் பாக்கி எவ்வளவு வசூலாகும் என்று பேசிப் பேசி, வாடகையும் கூலியும் போக நிகர லாபம் 15 லட்சம் என்று ஒரு எண்ணுக்கு வருகிறார்கள். புதிய வரிமுறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000, மீதி 3 லட்சத்துக்கு 15 சதவீதப்படி 45,000. ஆக 1,05,000. அதன்மேல் 4 சதவீத செஸ் 4,200. மொத்தம் 1,09,200 ரூபாய். அதில் 15 சதவீதம் 16,380. இன்னும் பூக்காத முருங்கைக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு இது.

2025 ஜூன் 15 ஞாயிற்றுக்கிழமை. கடைசி நாளில் வங்கி மூடியிருந்தால் அடுத்த வேலை நாளில் வட்டியில்லாமல் கட்டலாம் என்று 1994-லேயே சுற்றறிக்கை உண்டு. திங்கட்கிழமை வருமான வரி இணையதளத்தில் பான் எண்ணைக் கொடுத்து, அட்வான்ஸ் டாக்ஸுக்கான 100 என்ற தலைப்பைத் தேர்ந்தெடுத்து, வரி 15,750, செஸ் 630 என்று பிரித்து எழுதிப் பணம் கட்டியாயிற்று. கிடைத்த சலானில் வங்கிக் கிளையின் ஏழு இலக்க எண், தேதி, ஐந்து இலக்க வரிசை எண் மூன்றும் இருக்கின்றன. இனி எங்கே போனாலும் இந்தப் பணத்துக்கு அதுதான் அடையாளம். வங்கியிலிருந்து அது ரிசர்வ் வங்கியின் நாக்பூர் மையக் கணக்குப் பிரிவு வழியாக மத்திய அரசின் கணக்கில் சேர்கிறது. அரசியல் சட்டத்தின் 266-ஆம் பிரிவு சொல்லும் இந்தியத் தொகுப்பு நிதி அதுதான்.

அங்கிருந்து ஒரு பகுதி திரும்பித் தெற்கே வருகிறது. செஸ் 630 ரூபாயில் மாநிலங்களுக்குப் பங்கில்லை. 15,750-இல், வசூல் செலவைக் கழிக்காமல் பார்த்தால், 15-ஆவது நிதிக்குழு சொன்ன 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்குமாகச் சேர்த்துப் போகும். அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம், அதாவது சுமார் 263 ரூபாய். கவனிக்க வேண்டிய விஷயம், இந்தப் பங்கையும் மத்திய அரசு மதிப்பீட்டின் பேரில்தான் தவணை தவணையாக விடுவிக்கிறது. உண்மை வசூல் தணிக்கையில் உறுதியான பிறகு கூடுதல் குறைவைப் பின்னால் சரிசெய்கிறார்கள். மதிப்பீடு தவறலாம் என்பதை அரசு தன் கணக்கில் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. மண்டிக்காரர் விஷயத்தில் அந்தப் பொறுமை இல்லை.

முன்பு இருந்தது. இந்த அட்வான்ஸ் டாக்ஸ் தவணைமுறை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944-ல், பழைய 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 18ஏ என்ற பிரிவாக நுழைந்தது. வருமானம் வந்து முடிந்து அடுத்த ஆண்டு வரி வரட்டும் என்று காத்திருக்கப் போர்ச் செலவு விடவில்லை. ஆனால் அன்று ஏற்கெனவே மதிப்பீடு ஆனவர் வருங்காலத்தை ஊகித்தே ஆக வேண்டும் என்றில்லை. கடைசியாக மதிப்பீடு முடிந்த வருமானத்தை வைத்து அதிகாரி தொகையைச் சொல்வார். இந்த ஆண்டு அவ்வளவு வராது என்று நினைப்பவர் தன் மதிப்பீட்டைக் கொடுக்கலாம். முன்பணமாக வாங்கியதற்கு அரசு 2 சதவீத வட்டியும் கொடுத்தது. இன்று ஊகமும் நம்முடையது, அது தவறினால் வட்டியும் நம்முடையது.

எப்படி என்று பார்ப்போம். செப்டம்பரில் மண்டிக்காரர் 32,760 கட்டினார். சொன்ன 45 சதவீதம், 49,140, காசு குறையாமல் சேர்ந்தது. பிறகு மழைக்காலத்தில் முருங்கை வரத்து சரிந்தது. வரத்து குறைந்த வேகத்தைவிட விலை ஏறிய வேகம் அதிகம், விலையோடு கமிஷனும் ஏறியது. டிசம்பரில் மறுபடி உட்கார்ந்தபோது லாபம் 18 லட்சம் என்று தெரிகிறது. வரி 1,66,400. உடனே 75 சதவீதத்துக்கு ஈடாக 75,660 கட்டினார், மார்ச்சில் மீதி 41,600. ஒரு ரூபாய் பாக்கியில்லை.

ஆனாலும் வருமான வரிச் சட்டத்தின் 234சி பிரிவு பின்னோக்கிப் பார்க்கும். இறுதி வரியில் 12 சதவீதம் ஜூனிலும் 36 சதவீதம் செப்டம்பரிலும் கட்டியிருந்தால் மன்னிப்பு உண்டு. 1,66,400-க்கு அது 19,968-ம் 59,904-ம். இரண்டையும் அவர் தொடவில்லை. நவம்பரில் ஏறிய விலையை ஜூனில் அறிந்திருக்க வேண்டும் என்பதுபோல, ஜூன் குறைவு 8,580-க்கும் செப்டம்பர் குறைவு 25,740-க்கும் மாதம் ஒரு சதவீதம், மும்மூன்று மாத வட்டி விழுகிறது. நூறுக்குக் கீழான மிச்சத்தை விட்டுக் கணக்கிட்டால் 255-ம் 771-ம்.

தொகை சின்னதுதான், நியாயம் சின்னதல்ல. பங்கு விற்ற லாபமோ, டிவிடெண்டோ, லாட்டரிப் பரிசோ நடு ஆண்டில் வந்தால், மிச்சத் தவணைகளில் சேர்த்துக் கட்டினால் போதும், இந்த வட்டி இல்லை. அவற்றை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. முருங்கை விலையை மட்டும் யாரால் சொல்ல முடியும்? அமெரிக்காவில் போன ஆண்டு வரி அளவுக்குத் தவணை கட்டியவருக்கு, பெரிய வருமானக்காரர் என்றால் 110 சதவீதம் கட்டியவருக்கு, அபராதம் இல்லை. சீசன் வருமானம் உள்ளவர் பணம் வந்த காலத்துக்கேற்பத் தவணையைக் கணக்கிடவும் வழி உண்டு. 1944-ன் பாதிப் பொறுமையும் இந்த அமெரிக்க வழியில் பாதியும் இங்கே வந்தால் போதும். கூடுதலாகக் கட்டித் தப்பிக்கலாம் என்பதும் சரியான யோசனை இல்லை. மிகைப்பணம் திரும்பி வரும்போது அரசு தரும் வட்டி மாதம் அரை சதவீதம்தான்.

நம் 16,380 இதற்குள் ஏஐஎஸ் எனும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஒரு வரியாகப் பதிந்திருந்தது. ரிட்டர்ன் போடும்போது மற்ற மூன்று தவணைகளோடு அதுவும் கழிக்கப்பட்டது. வட்டி 1,026 சேர, பத்தின் மடங்காக்கியதில் 1,030 ரூபாய் பாக்கி நின்றது. அவர் இன்னொரு சலான் எடுத்து, இம்முறை 300 என்ற தலைப்பில், அதையும் கட்டினார். அடுத்த ஜூனுக்கு ஆடிட்டர் எந்த எண்ணிலிருந்து தொடங்குவது, 15 லட்சமா 18 லட்சமா என்ற பேச்சு அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.