உக்கிய மரம் உரைத்த பாடம்



பழைய மோட்டார் வண்டி என்றதும் நம் மனக்கண்ணிலே தோன்றுவன இரும்பும் எஞ்சினும் எண்ணெய்க் கறையுமே. அதற்குள்ளே ஒரு தச்சனின் கைவண்ணமும் இருந்தது என்பதைப் பலர் அறியார். அம்மரம் உக்கிப்போனால் அதனை மாற்றுவது எவ்வாறு? எவ்வளவு மாற்றினால் அது பழைய வண்டியாகவே இருக்கும்? இவற்றைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம். தமிழாசிரியனுக்கு இதிலே என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது; பழைய கடனொன்றும் இருக்கிறது.

குதிரை வண்டி செய்த தச்சர்களே தொடக்க காலத்தில் மோட்டார் வண்டிக்கும் கூடு அமைத்தார்கள். மரச்சட்டம் கோத்து, அதன்மேல் தகட்டை அறைவது அவர்கள் முறை. இங்கிலாந்திலே இதற்குப் பெரிதும் பயன்பட்டது ஆஷ் என்னும் மரம். கோடரிப் பிடிக்கும் ஹொக்கி மட்டைக்கும் உகந்த மரம் அது. அதிர்வைத் தாங்கி வளைந்து கொடுக்கும், எளிதில் முறியாது. ஆயின் ஈரத்துக்கு ஆற்றாது.

அமெரிக்காவிலே எட்வேர்ட் பட் என்பவர் முற்றிலும் உருக்கினாலான கூட்டை ஆக்கும் முறையை வளர்த்தார். அவரோடு கூட்டுச் சேர்ந்து வில்லியம் மொறிஸ் 1926-ஆம் ஆண்டிலே ஒக்ஸ்போர்டை அடுத்த கௌலியில் உருக்குத் தகட்டை அழுத்தி வடிக்கும் தொழிற்சாலையைத் தொடங்கினார். மரத்தின் காலம் முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால், 1948-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் வெளிவந்து, 1953-இல் அதன் ‘ட்ரவலர்’ வகை தோன்றியபோது, மரம் மீண்டும் வீதிக்கு வந்தது. முன்பாதி உருக்கு. பின்பாதியின் பக்கங்களும் இரட்டைக் கதவுகளும் ஆஷ் மரச்சட்டம். சட்டங்களுக்கு இடையே அலுமினியத் தகடு. 1971 வரை இவ்வாறே செய்தார்கள். அது அழகுக்காக ஒட்டிய மரமன்று. பின்புறக் கூரையைத் தாங்குவதும் கண்ணாடியைப் பிடிப்பதும் அதுவே. ஆதலால்தான் பிரித்தானியாவில் வாகனத் தகுதிப் பரிசோதனையின்போது அம்மரத்தையும் தட்டிப் பார்த்தார்கள்.

என் பெரியப்பாவிடம் அத்தகைய ட்ரவலர் ஒன்று இருந்தது. 1990-ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைப்பட்ட காலத்திலே அது மண்ணெண்ணெயில் ஓடியது. புறப்படும்போது மாத்திரம் சில துளி பெற்றோல் விடுவார். 1995 ஒக்டோபர் 30-இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது அதனை மாமரத்தின் கீழே விட்டுச் சென்றோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வண்டி நின்றது, மரம் போயிருந்தது. மாரிமழை, கண்ணாடி நகரும் தவாளிப்பிலே தேங்கிக் கீழ்ச்சட்டத்தை உக்கச் செய்திருந்தது. ட்ரவலர் வண்டிகள் பெரும்பாலும் நோய்ப்படும் இடம் அதுதான். மூட்டுகளிலே கருமை படர்வது முதற்குறி. எஞ்சியதைக் கறையான் பார்த்துக்கொண்டது.

எங்கள் ஊர்த் தச்சர் ஆஷ் மரத்தை முன்பு கண்டவரல்லர். ஷெல் விழுந்து சரிந்த எங்கள் வீட்டுக் கூரையின் தேக்கு வளையொன்றைத் தட்டிப் பார்த்து, “இது காணும் ஐயா” என்றார். முதலில் உட்புறத்தே குறுக்குப் பலகைகளை அடித்துக் கூரைக்கு முட்டுக் கொடுத்தார். இடப்பக்கம் நிறைவேறும்வரை வலப்பக்கத்தைத் தொடவில்லை. இரண்டையும் ஒருங்கே கழற்றினால் வண்டியின் உருவமே கோணிப்போகும் என்றார். கழற்றிய துண்டுகளை, பொடியாய் உதிர்ந்தவற்றைக்கூட, சாக்கின்மேல் இருந்த ஒழுங்கிலேயே பரப்பி வைத்தார். “உக்கினது எண்டு எறிஞ்சு போடாதேங்கோ. புதுசுக்கு இதுதான் அச்சு” என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தார்.

எனக்கு அப்போது பதினாறு வயது. வலப்பக்கம் கழற்றிய அன்று மாலை, அடுப்புக்கு விறகில்லை என்று பெரியம்மா சொன்னார். நான் சாக்கில் இருந்தவற்றை அள்ளிக் கொடுத்துவிட்டேன். சில்லுக்கு மேலே வளைந்து வரும் துண்டும் அதனுள் ஒன்று. மறுநாள் தச்சர் வெறுஞ்சாக்கைப் பார்த்தபடி சற்றுநேரம் நின்றார்.

“தம்பி, நீர் மரத்தை எரிக்கேல்லை, அளவையெல்லோ எரிச்சுப் போட்டீர்.”

இடப்பக்கத்தின் அளவைப் புரட்டி வலப்பக்கத்தைச் செய்தார். ஆனால், நாற்பது ஆண்டு ஓடிய வண்டியின் இரு பக்கங்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருப்பதில்லை. அந்த வலப்பக்கக் கண்ணாடி பிறகு ஒருநாளும் நேராக நகரவில்லை. பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் கடகடவென்று அதிரும். பெரியப்பா ஒன்றும் சொல்லமாட்டார். முன்கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்ப்பார்.

தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பலகை பலகையாக மாற்றிக் காத்தனர் என்றும், அது பழைய கப்பல்தானா என்று தத்துவஞானிகள் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதினார். 1964-இல் உருவான வெனிஸ் சாசனம் பழங்கட்டடங்களைப் பற்றி ஒரு விடை கூறியது: புதிதாய்ச் சேர்ப்பது முழுமையோடு இசைய வேண்டும், ஆயினும் மூலத்திலிருந்து வேறு என்று தெரியவும் வேண்டும். பழைய வாகனங்களுக்கென 2012-இல் ஏற்கப்பட்ட டூரின் சாசனமும் இவ்வழியிலேயே சிந்திக்கிறது. எங்கள் தச்சர் இச்சாசனங்களை அறியார். எனினும் தேக்குக்கு ஆஷ் மரத்தின் வெளிர்நிறம் பூச அவர் உடன்படவில்லை. “இது வேற மரம் எண்டு தெரியட்டும் ஐயா” என்று வார்னிஷ் மாத்திரம் பூசினார்.

பின்னாளிலே சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் பதிப்புரைகளைப் படித்தபோது அந்த வெறுஞ்சாக்கு நினைவுக்கு வந்தது. தொட்டால் உதிரும் ஏடுகளை வைத்துக்கொண்டு அவர் நூல்களைப் புதுக்கினார். ஏடு பனையோலை, பதிப்புக் காகிதம்; பொருள் முற்றிலும் மாறியது. ஆயினும் கலித்தொகை கலித்தொகையாகவே நமக்குக் கிடைத்தது, அளவு கைமாறியபடியால். பெயர்த்தெழுதப்படுமுன்னே ஆற்றிலும் தீயிலும் போன ஏடுகளுக்கு மறுபக்கம் என்று ஒன்று இருக்கவில்லை. புரட்டிப் பார்த்துச் செய்ய வழியுமில்லை.

இன்று வகுப்பிலே பாடபேதம் கற்பிக்கும்போது அந்தக் கண்ணாடியின் கடகட ஓசை காதில் விழுகிறது. அத்தச்சருக்கு நான் பட்ட கடனை, இதை உங்களுக்குச் சொல்வதனாலே சிறிது தீர்க்கிறேன். உங்கள் வீட்டுக் கோடியிலே பழைய வண்டியின் சட்டமோ, கதவு நிலையோ, ஏட்டுக் கட்டோ உக்கிக் கிடக்கலாம். மாற்றுங்கள், தவறில்லை. புதியது பொருந்தும்வரை பழையதை அடுப்படிக்கு மாத்திரம் அனுப்பிவிடாதீர்கள்.