மீன் போன வழி: மின்சீட்டின் வரலாறும் ஒரு வலையின் கணக்கும்

ஸ்ரீவராகத்தில் குடியிருந்துகொண்டு, சாலைக் கடைத்தெருவில் பாத்திர வியாபாரம் செய்யும் ஒரு சமணன் மீனைப் பற்றிக் கட்டுரை எழுத வருவது சங்க அன்பர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எனக்குப் பூர்விகம் வந்தவாசிப் பக்கம். மீனைத் தொடாத குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத குடும்பம். ஆனால் என் கடைக்கு அலுமினியச் சட்டியும் அண்டாவும் வாங்க வருகிறவர்களில் பலர் வலியதுறை, சங்குமுகம் கடற்கரை மக்கள். நாற்பது வருஷப் பழக்கம். மீனைத் தின்னாவிட்டாலும் மீன்கதை கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவர்களில் ஒரு பெரியவர் என்னை "அண்ணாச்சி" என்பார். நான் அவரை "சேட்டா" என்பேன். சில வருஷங்களுக்கு முன் ஒருநாள் கடைத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவர், "கரமடியில் உடும்பன் ஸ்ராவு ஏறிப்போச்சு அண்ணாச்சி. அறுத்து விட்டோம்" என்றார். உடும்பன் ஸ்ராவு என்பது திமிங்கலச் சுறா. தமிழ்க்கரையில் அம்மணி உழுவை என்றும் சொல்வார்கள்.

"வலை?" என்றேன்.

"வலை போச்சு."

"அந்த மீன் இனி எங்கே போகும்?"

"அது கடலுக்குத்தான் தெரியும்" என்று சிரித்தார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கடை சாத்தியபிறகு படித்தவற்றைத் தொகுத்து இங்கே வைக்கிறேன்.

ரிப்பனில் தொடங்கியது

மீன் எங்கே போகிறது என்ற கேள்வி பழையது. இங்கிலாந்தில் ஐசக் வால்ட்டன் 1653-இல் வெளியிட்ட தூண்டில் நூலில், சால்மன் மீன்குஞ்சுகளின் வாலில் ரிப்பன் கட்டிவிட்டு, அவை கடலுக்குப் போய்ப் பிறந்த ஆற்றுக்கே திரும்பியதைக் கண்டறிந்த செய்தி வருகிறது. நம் கடைகளில் மூட்டைக்குச் சீட்டுக் கட்டுகிறோமே, அதே யோசனைதான். சீட்டுக் கட்டிய மூட்டை திரும்ப வந்தால்தான் கணக்குத் தெரியும். வராவிட்டால் தெரியாது.

பிறகு உலோகச் சீட்டு வந்தது, பிளாஸ்டிக் சீட்டு வந்தது. குறை மட்டும் மாறவில்லை. மீனை எங்கே விட்டோம், எங்கே பிடித்தோம் என்ற இரண்டு இடங்களே தெரியும். நடுவில் போன வழி தெரியாது.

அந்த வழியைக் காட்ட வந்ததுதான் மின்னணு டேக். இதை நான் மின்சீட்டு என்று எழுதுகிறேன். 1956-இல் அமெரிக்காவில் டிரெஃபெதன் என்பவர், சால்மன் மீன்களில் ஒலி எழுப்பும் சிறு கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்ததை அறிக்கையாக வெளியிட்டார். ஒலி ஏன் என்றால், வானொலி அலை உப்புநீருக்குள் வெகுதூரம் செல்லாது, ஒலி செல்லும். ஆனால் ஒலியைக் கேட்க மீனின் பின்னாலேயே படகு போகவேண்டும், இல்லையேல் கேட்கும் கருவிகளைக் கடலடியில் நட்டுவைக்க வேண்டும்.

1982-இல் ஸ்காட்லாந்தில் பிரீட் என்னும் அறிஞர் ஒரு பெருஞ்சுறாவுக்கு மிதவையோடு ஒரு கருவியைக் கட்டி விட்டார். சுறா மேலே வரும்போதெல்லாம் மிதவை நீர்மட்டத்துக்கு வந்து, ஆர்கோஸ் என்னும் செயற்கைக்கோள் அமைப்புக்குச் செய்தி அனுப்பியது. 17 நாள் அந்தச் சுறாவின் வழி தெரிந்தது. விண்ணிலிருந்து மீனைத் தொடர்ந்த முதல் கணக்கு இதுவே.

மேலே வராத மீனுக்கு என்ன செய்வது? அதற்கு 1990-களில் வழி கண்டார்கள். மீனின் முதுகில் சிறு கொக்கியால் கருவியைப் பொருத்திவிட்டால், அது ஆழம், நீரின் சூடு, வெளிச்சம் மூன்றையும் பேரேடு எழுதுவதுபோல் எழுதிக்கொண்டே போகும். நடுப்பகல் எந்த நேரத்தில் வந்தது என்று பார்த்துத் தீர்க்கரேகையையும், பகலின் நீளத்தைப் பார்த்து அட்சரேகையையும் உத்தேசமாகக் கணிக்கலாம். குறித்த நாள் வந்ததும் இணைப்பு ஊசி அரித்து அறுந்து, கருவி தானே மேலே மிதந்து, எழுதியதன் சுருக்கத்தைச் செயற்கைக்கோளுக்கு ஒப்பிக்கும். மீனை மறுபடி பிடிக்கவே வேண்டாம். கொல்லாமல் கணக்குப் பார்க்கலாம் என்ற இந்த இடத்தில்தான் எனக்கு ஆர்வம் பிடித்தது.

இப்படிக் கிடைத்த கணக்குகள் வியப்பானவை. 2003 நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் மின்சீட்டு பொருத்திய நிக்கோல் என்னும் வெள்ளைச் சுறா, 99 நாளில் சுமார் 11,000 கிலோமீட்டர் கடந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போனது. ஒன்பது மாதத்துக்குள் புறப்பட்ட கடலுக்கே திரும்பியும் வந்தது. 2011-இல் பனாமாவில் மின்சீட்டு பெற்ற ஆன் என்னும் திமிங்கலச் சுறா, பசிபிக் கடலைக் கடந்து மரியானா ஆழிப்பள்ளம் வரை 20,000 கிலோமீட்டருக்கு மேல் சென்றது. ஊரைவிட்டு வந்து பிழைக்கும் நமக்கு, இதைப் படிக்கும்போது ஒரு சொந்தபந்த உணர்ச்சி தோன்றத்தானே செய்யும்!

நம் கடலில்

இந்தியப் பெருங்கடலில் 2005 முதல் 2009 வரை, சூரை மீன்களுக்கு இரண்டு லட்சம் அளவில் சீட்டுகள் போட்டார்கள். பெரும்பாலும் சாதாரணப் பிளாஸ்டிக் சீட்டு. பின்னர் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மீன்வள அளவைத்துறை மூன்றும் சேர்ந்து, சாட்டூனா என்ற திட்டத்தில் மஞ்சள்துடுப்புச் சூரைகளுக்குச் செயற்கைக்கோள் மின்சீட்டு பொருத்தின.

ஆனால் நம் சேட்டனின் மீனுக்கு வருவோம். குஜராத்தின் சௌராஷ்டிரக் கடற்கரையில் ஒருகாலத்தில் திமிங்கலச் சுறாவை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். முதலில் ஈரல் எண்ணெய்க்காக. அதை மரப்படகில் பூசுவார்கள். பிறகு இறைச்சியும் துடுப்பும் ஏற்றுமதியாயின. மைக் பாண்டே 2000-ஆம் ஆண்டு எடுத்த ஆவணப்படம் இதை வெளியுலகுக்குக் காட்டியது. 2001-இல் இந்த மீன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. இந்தியாவில் அந்தப் பாதுகாப்புப் பெற்ற முதல் மீன் இதுதான்.

சட்டம் வந்துவிட்டால் போதுமா? 2004-இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, குஜராத் வனத்துறை, டாடா கெமிக்கல்ஸ் ஆகியவை ஒரு பிரசாரம் தொடங்கின. இராமகதை சொல்லும் மொராரி பாபு கடற்கரை மக்களிடம் போய், இந்த மீன் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்றார். 'வாலி', அதாவது செல்லமானவள், என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். முன்பு கொன்ற அதே கைகள் வலையை அறுத்துவிடத் தொடங்கின. இதுவரை தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட சுறாக்கள் அப்படிக் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. வலையில் சிக்கிய மீனுக்கே 2011 முதல் செயற்கைக்கோள் மின்சீட்டு பொருத்தி விட்டார்கள். பிற்பாடு இந்தப் பணி நம் கேரளக் கரைக்கும் வந்தது.

சுறாவை மதிப்பது நம்மவர்க்குப் புதிதும் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது.

தும்பாவின் பங்கு

இந்த வரலாற்றில் நம் திருவனந்தபுரத்துக்கும் ஓர் இடம் உண்டு. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் மேலே போனது. அதற்கு இடம்கொடுத்தது ஒரு மீனவக் கிராமம். அங்கிருந்த மகதலேனா மரியாள் தேவாலயமும் ஆயர் இல்லமும் விஞ்ஞானிகளின் வேலைக்கூடமாயின; குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்தன. அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய விக்ரம் சாராபாய் அகமதாபாத்தின் சமணக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதைச் சற்றுப் பெருமையோடு இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

அவர் பெயர் தாங்கிய தும்பா நிலையத்தில் உருவானது பி.எஸ்.எல்.வி. ராக்கெட். அது 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏற்றிச்சென்ற சரள் என்னும் இந்திய-பிரெஞ்சுச் செயற்கைக்கோளில் ஆர்கோஸ் கருவி இருந்தது. 2022 நவம்பர் 26 அன்று போன ஓஷன்சாட் வரிசைச் செயற்கைக்கோளிலும் இருந்தது. மிதந்து வரும் மின்சீட்டின் குரலைக் கேட்பது இத்தகைய கருவிதான். மீனவர் விட்டுக்கொடுத்த மண்ணில் வளர்ந்த வித்தை, மீனவர் விட்டுக்கொடுத்த மீனின் செய்தியைக் கேட்கிறது.

வரவும் செலவும்

மீனின் முதுகில் கொக்கி குத்துவது ஹிம்சை இல்லையா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம், அசட்டையினால் உயிருக்குத் தீங்கு செய்வதை ஹிம்சை என்கிறது. இங்கே வலி உண்டு, அசட்டை இருக்கக்கூடாது. அந்த மீன் எங்கே மேய்கிறது, எந்த மாதம் எந்தக் கரைக்கு வருகிறது என்று தெரிந்தால், அந்த இடத்தில் அந்தக் காலத்தில் வலையைக் காக்கலாம், மீனையும் காக்கலாம். அதற்குப் பயன்படாமல் அறிக்கையாக அலமாரியில் தூங்கினால், குத்தியது வீண்பாவம்.

இன்னொரு கணக்கும் பார்த்தேன். நான் பிறந்ததிலிருந்து அகிம்சை பேசுகிறேன். அதற்காக எனக்கு ஒரு ரூபாய் செலவானதில்லை. சேட்டனின் ஒருநாள் அகிம்சைக்கு ஒரு வலை செலவு. கரமடி வலை ஒருவருடைய சொத்தும் அல்ல. இழுக்கிற அத்தனை பேரின் கஞ்சியும் அதில் இருக்கிறது. குஜராத்தில் அறுத்த வலைக்கு வனத்துறை நிவாரணம் கொடுக்கிறது. அதிகாரி வரும்வரை நடுக்கடலில் காத்திருக்க வேண்டாம் என்று மீனவரிடமே கேமரா கொடுத்து, அவர் எடுத்த படத்தையே சாட்சியாக ஏற்றார்கள். நல்ல ஏற்பாடு. நம் சேட்டனுக்கு அப்போது யாரும் கேமரா கொடுத்திருக்கவில்லை. வலைக்குப் பணம் வந்ததா என்று பின்னொரு நாள் கேட்டேன். கையை விரித்தார்.

"அடுத்த தடவை ஏறினால் என்ன செய்வீங்க?"

"அறுக்கத்தான் வேணும். அத்தனை பெரிய ஜீவன் மூச்சு வாங்கறதைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியுமா?"

அன்றைக்கு அவர் எடுத்த இரண்டு அண்டாவுக்கு நான் விலை வாங்கவில்லை. அவர் ஒத்துக்கொள்ளவில்லை, கடனாக எழுதச் சொன்னார். எழுதினேன். ஆனால் யார் பக்கத்தில் பற்று எழுதுவது என்று சற்று யோசித்து, என் பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன்.

வால்ட்டன், டிரெஃபெதன், பிரீட் பெயர்கள் புத்தகத்தில் நிற்கின்றன, நிற்கட்டும். வலையை அறுத்த கைகளுக்குப் புத்தகத்தில் பெயர் இல்லை. கடற்கரை ஊர்களில் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள், பக்கத்துக் கரையில் இப்படி ஒரு வலை அறுபட்டதாகக் கேள்விப்பட்டால், விண்ணப்பம் எழுதித்தரவாவது ஒரு நடை போய்வாருங்கள். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் தெரியும், மலையாளமும் தெரியும். அதற்கு ஒரு பயன் இருக்கட்டும்.