புதுச்சேரி ஊர்ப்புறங்களில் பணப்புழக்கத்தின் வரலாறு

ஒரு நாட்டில் உள்ள மொத்தப் பண அளிப்பை அந்நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்போடு ஒப்பிட்டுக் காட்டும் அளவு பண - உற்பத்தி விகிதம் எனப்படும். பொருளாதாரம் எந்த அளவுக்குப் பணத்தின் வழியே இயங்குகிறது என்பதை இது உணர்த்துகிறது. வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன்களுக்கெனத் தனிப் பண அளிப்பு கிடையாது. எனினும், நெல் விளையும் இவ்வூர்களின் வரலாறு அவ்விகிதம் உயர்ந்த விதத்தைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

நாணயக் காலம்

1736-இல் ஆளுநர் துய்மா காலத்தில், ஆற்காடு நவாப் தோஸ்த் அலிகானிடமிருந்து புதுச்சேரியில் ரூபாய் அச்சடிக்கும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர் பெற்றனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் நாணயம், வெள்ளி வரவு பற்றிய செய்திகள் இடம்பெறுகின்றன. ரூபாய்க்குக் கீழே பணம், துட்டு, காசு ஆகிய சிறு நாணயங்கள் புழங்கின. 1749-இல் சந்தா சாகிப் வில்லியனூர், பாகூர் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரருக்கு வழங்கினார்.

அக்காலத்தில் நாணயத்தின் அளவு கப்பலில் வந்த வெள்ளியைப் பொறுத்திருந்தது. விளைச்சலோ பாகூர், ஊசுட்டேரி ஏரிகளின் நீரைப் பொறுத்திருந்தது. இரண்டும் ஒன்றாகக் கூடவோ குறையவோ இல்லை. களத்துமேட்டுக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. வீட்டுக்கான நெல் குதிரில் சேர்ந்தது. இவை உற்பத்தியில் அடங்கினாலும் இவற்றுக்குப் பணம் தேவைப்படவில்லை. ஆனால் வரியோ கடனோ நாணயமாகக் கேட்கப்பட்டால், அறுவடை நேரத்தில் விலை இறங்கியிருக்கும்போதே உழவர் நெல்லை விற்க வேண்டியிருக்கும். பணத் தட்டுப்பாட்டின் சுமை இவ்வாறு அவர்கள் தலையில் விழும்.

வங்கிக் காலம்

1875-இல் தொடங்கப்பட்ட இந்தோசீன வங்கி, பிரெஞ்சு இந்தியாவுக்கான ரூபாய்த் தாள்களை வெளியிடும் உரிமை பெற்றது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நிறைவேறியது. இவ்வூர்கள் இந்திய ரிசர்வ் வங்கியின் பண அமைப்புக்குள் வந்தன.

இந்தியாவில் 1950-51-இல் மக்கள் கையிருப்பும் வங்கி வைப்புகளும் சேர்ந்த பரந்த பண அளிப்பு, உற்பத்தியில் கால் பங்குக்கும் குறைவாக இருந்தது. 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பின் ஊர்ப்புறக் கிளைகள் பெருகின. சேமிப்பு வைப்பாக மாறியது. இன்று அவ்விகிதம் முக்கால் பங்குக்கும் மேல்.

2015 செப்டம்பரில் புதுச்சேரியில் பொது விநியோக அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் தொகை செலுத்தும் திட்டம் தொடங்கியது. தானியமாக வந்த உதவி பணமாக மாறியது. அரிசி விலை ஏறினால் அதே தொகைக்குக் குறைந்த அரிசியே கிடைக்கும் என்பதால், விலை ஏற்றத்தின் இடர் குடும்பத்தின் பக்கம் நகர்ந்தது.

விகிதத்தின் பொருள்

2016 நவம்பர் 8-இல் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டபோது, புழக்கத்தில் இருந்த தாள்களின் மதிப்பில் சுமார் 86 விழுக்காடு விலக்கப்பட்டது. விளைந்த நெல் குறையவில்லை. ஆனால் அதை வாங்கவும் விற்கவும் தேவையான தாள் குறைந்தது. மாறாக, உற்பத்தி பெருகாமல் பணம் மட்டும் பெருகினால் விலைவாசி ஏறும். எனவே விகித உயர்வு மட்டுமே செழிப்பைக் காட்டாது. வங்கிப் பழக்கம் பரவியதாலும் அது உயரலாம். பணம் யார் கையில், எந்தப் பருவத்தில் சேர்கிறது என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.