நாடி பிடித்துத் தொடங்கிய பயிற்சி

1939 ஜூலை 15. மிலான் நகர ஓட்டக்களத்தில் ஜெர்மானியர் ருடால்ஃப் ஹார்பிக் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி முடித்தார். முந்தைய உலக சாதனையைவிட 1.8 விநாடி குறைவு. ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்கு உயிரைக் கொடுக்கும் ஓட்டத்தில் இது பெரிய வெட்டு. 1955 வரை அதை முறியடிக்க ஆளில்லை. அதைப் பார்க்க ஹார்பிக் இல்லை. 1944இல் கிழக்குப் போர்முனையில் மாண்டுபோனார்.

அவருக்குப் பயிற்சி தந்தவர் வோல்டமார் கெர்ஷ்லர். ஃப்ரைபர்க்கில் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலோடு சேர்ந்து அவர் வகுத்ததுதான் ‘இன்டர்வெல்’ பயிற்சி. 100 அல்லது 200 மீட்டரை விரட்டி ஓட வேண்டும். நாடி நிமிடத்துக்கு 180ஐ ஒட்டி ஏறும். பிறகு நடை. நாடி 120க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம். இறங்க ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பிடித்தால், ஓடிய வேகம் அந்த உடம்புக்கு அதிகம் என்று பொருள். வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைய பயிற்சி அதோடு சரி. எப்போது மறுபடி ஓடலாம் என்பதை ஓடுபவரின் நாடி சொல்லியது.

இன்றைய ஜிம்மில் மாலை ஏழு மணி ‘ஹிட்’ (அதிதீவிர இன்டர்வெல்) வகுப்பை எட்டிப் பார்த்தால் வேறு காட்சி. சுவரில் சிவப்பு எண்கள் ஓடும் டைமர், காதைப் பிளக்கும் பாட்டு, 40 விநாடி பர்பி (தரையில் படுத்து எழுந்து குதிப்பது), 20 விநாடி ஓய்வு. கல்லூரியில் கால்பந்து ஆடும் பையனுக்கும், பத்து வருடமாக நாற்காலியை விட்டு அசையாத ஐம்பது வயதுக்காரருக்கும் ஒரே மணிதான் அடிக்கிறது. இந்த வகுப்பு தமக்கு ஒத்துவருமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் மனஉறுதியைத்தான் சந்தேகிக்கிறார்கள். பயிற்சியின் வரலாற்றைப் பார்த்தால் சந்தேகிக்க வேண்டியது வேறொன்று: அளவை யார் வைக்கிறார்கள், எதை வைத்து வைக்கிறார்கள்?

கூட்டமாகச் செய்வதில் பழுது ஒன்றும் இல்லை. அதற்கு நல்ல சாட்சி, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகம். 1953 வாக்கில் அங்கே உடற்கல்வி கற்பித்த ஆர். ஈ. மார்கன், ஜி. டி. ஆடம்சன் இருவருக்கும் ஒரு நடைமுறைச் சிக்கல். கூடம் ஒன்று, மாணவர் பலர், பலமோ ஆளுக்கு ஆள் வேறு. கூடத்தைச் சுற்றி வரிசையாகப் பயிற்சி நிலைகளை அமைத்தார்கள்: ஒன்றில் தண்டால், அடுத்ததில் பெஞ்சில் ஏறி இறங்குவது, இன்னொன்றில் எடை தூக்குவது. ஆளுக்கொரு நிலையில் தொடங்கி, முடித்ததும் அடுத்ததற்கு நகர வேண்டும். இன்று ‘சர்க்யூட்’ என்று எல்லா ஜிம்மிலும் சொல்கிறார்களே, அதன் பிறப்பு இதுதான்.

ஆனால் லீட்ஸில் சர்க்யூட்டுக்கு முன்னால் ஒரு சோதனை இருந்தது. ஒவ்வொரு நிலையிலும் மாணவரால் அதிகபட்சம் எத்தனை முறை செய்ய முடிகிறது என்று முதலில் எண்ணுவார்கள். அதில் பாதிதான் அவருக்கு வைக்கும் கணக்கு. முப்பது தண்டால் எடுப்பவருக்குப் பதினைந்து, எட்டு எடுப்பவருக்கு நான்கு. அந்தக் கணக்கோடு மூன்று சுற்று வர வேண்டும். நாளாக ஆக, அதே வேலையை இன்னும் சீக்கிரம் முடிப்பது இலக்கு; அது கைவந்ததும் மறுபடி சோதனை, புதிய கணக்கு. நான்கு தண்டால்காரரும் பதினைந்து தண்டால்காரரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வியர்த்தார்கள். யாரும் யாரையும் துரத்தவில்லை. கூட்டப் பயிற்சியின் வரலாற்றில் இவ்வளவு நேர்மையான ஏற்பாடு அரிது.

அடுத்த முப்பது ஆண்டுகளைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். 1968இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் ‘ஏரோபிக்ஸ்’ நூலை வெளியிட, ஊரே ஓடத் தொடங்கியது. ஜூடி ஷெப்பர்ட் மிசெட்டின் ஜாஸர்சைஸ் வகுப்புகளும், 1982இல் வந்த ஜேன் ஃபோண்டாவின் வீடியோவும் உடற்பயிற்சிக்குப் பாட்டையும் கொண்டாட்டத்தையும் கூட்டின. வகுப்பு நிறைந்தது, சோதனை மெல்லக் கழன்றது.

1996இல் ஜப்பானிலிருந்து வந்த ஓர் ஆய்வு எல்லோரையும் மறுபடி கடிகாரத்தின் பக்கம் திருப்பியது. ஐஸ் ஸ்கேட்டிங் வேகப் பந்தயப் பயிற்சியாளர் இரிசாவா கோய்ச்சி தம் வீரர்களுக்குத் தந்துவந்த முறையை விஞ்ஞானி இஸூமி தபாதா ஆராய்ந்தார். சைக்கிள் எந்திரத்தில் 20 விநாடி முழு மூச்சாக மிதி, 10 விநாடி ஓய்வு. இப்படி ஏழெட்டு முறை. ஆறு வாரத்தில் ஆக்சிஜன் உள்ளிழுக்கும் திறன், வாரம் ஐந்து நாள் ஒரு மணி நேரம் நிதானமாக மிதித்தவர்களுக்கு இணையாகவே உயர்ந்தது. நிதானக்காரர்களிடம் அசையாத இன்னொரு திறன், ஆக்சிஜனை நம்பாமல் ஆற்றல் எடுக்கும் திறன், இவர்களிடம் 28 சதவீதம் கூடியது.

‘நான்கு நிமிடம் போதும்’ என்ற விளம்பரம் இங்கிருந்துதான் கிளம்பியது. விளம்பரத்தில் விட்டுப்போனவை: மிதித்தவர்கள் ஏற்கெனவே உடற்பயிற்சியில் ஊறிய இளைஞர்கள், ஒவ்வொருவருக்கும் உச்சத் திறனை அளந்து, அதில் 170 சதவீதம் என்று தனித்தனியாகச் சுமை வைத்தார்கள், மிதிக்கும் வேகம் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே விழுந்ததும் நிறுத்தினார்கள். கடிகாரம் மட்டும் உலகம் சுற்றியது.

கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் கிரெக் கிளாஸ்மன் 2000இல் கிராஸ்ஃபிட் நிறுவனத்தைத் தொடங்கியபோது பந்தயமும் சேர்ந்துகொண்டது. அன்றைய பயிற்சி வெள்ளைப் பலகையில். முடித்த நேரம் அதன் பக்கத்தில், பெயரோடு. புகழ்பெற்ற ‘ஃபிரான்’ பயிற்சியில் 43 கிலோ பாரத்தோடு உட்கார்ந்து எழுந்து தலைக்கு மேல் தள்ள வேண்டும். இடையிடையே கம்பியைப் பிடித்து உடலை மேலே இழுக்க வேண்டும். 21 முறை, பிறகு 15, பிறகு 9. பலகையில் பெயர் ஏறும்போது பாதியில் நிறுத்த யாருக்கு மனம் வரும்? ஆயிரக்கணக்கானோரை ஜிம்முக்குள் பிடித்துவைத்ததும் அந்தப் பலகைதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். தனியாக ஜிம்முக்குப் பணம் கட்டி மூன்றாம் வாரமே நின்றுபோன பலர் இங்கே ஆண்டுக்கணக்கில் நிலைத்தார்கள்.

விலையும் இருந்தது. 1941இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் நசுங்கி மீண்டவர்கள், சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை மருத்துவர்கள் பைவாட்டர்ஸும் பீலும் பதிவு செய்தார்கள். சிதைந்த தசையின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. ‘ராப்டோமயோலிசிஸ்’ எனும் அதே நிலை, அளவு மீறிய உடற்பயிற்சியாலும் வரும். 2005இல் கிளாஸ்மனே தம் பத்திரிகையில் இதைப் பற்றி எச்சரித்து எழுதினார். விந்தை என்னவென்றால், டயாலிசிஸ் எந்திரத்தோடு நிற்கும் ஒரு கோமாளிக் கார்ட்டூனும் அந்த வட்டாரத்தில் உலவியது. இது அடிக்கடி வருவதில்லை. ஆனால் ஒரு காலத்தில் கட்டுமஸ்தாக இருந்து, நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் நாளே பழைய வேகத்தில் இறங்குபவருக்கு ஆபத்து கூடுதல். தசை வீங்கி வலித்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்படியானால் தீவிரப் பயிற்சி இளையவர்களுக்கு மட்டுமா? நார்வேயின் ட்ரான்ட்ஹைமில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு வேறு பதில் தந்தது. அதில் பங்கேற்ற 27 பேரும் இதயம் பலவீனமானவர்கள்; சராசரி வயது 75. அவர்களில் ஒரு பிரிவினர் டிரெட்மில்லில் நான்கு நிமிடம் வேகமாக, மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு முறை நடந்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் ஆக்சிஜன் திறன் 46 சதவீதம் உயர்ந்தது. நிதானமாக நடந்தவர்களுக்கு 14 சதவீதம்தான். சுமையை வைத்தவர்கள் ஆய்வாளர்கள், அதுவும் அவரவர் நாடித் துடிப்பின் உச்சத்தை அளந்து.

இப்போது சில வகுப்புகளில் நாடி திரும்பி வந்திருக்கிறது. நெஞ்சுப் பட்டை கட்டி, எல்லோருடைய துடிப்பையும் திரையில் காட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் உச்சத் துடிப்பை ‘220இலிருந்து வயதைக் கழி’ என்று கணக்கிட்டால், அது 1971இல் தோராயமாகப் போட்ட கோடு. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு தள்ளிப்போவது சாதாரணம். இரத்த அழுத்தத்துக்கு ‘பீட்டா பிளாக்கர்’ மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி வழக்கமான அளவுக்கு ஏறாது. திரை பச்சையாக இருக்கும்போதே மூச்சு முட்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல், இதயக் கோளாறு உள்ளவர்கள் டிரெய்னரைப் பார்ப்பதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது முறை.

மற்றவர்களுக்கு ஒரு சோதனை வகுப்பு போதும். கிராஸ்ஃபிட் கூடங்களில் புதியவர் கையில் இரும்புத் தண்டுக்குப் பதில் வெறும் பிவிசி குழாயைக் கொடுத்துப் பழக்கும் வழக்கம் உண்டு. அந்த அமைப்பின் முதல்நிலைப் பயிற்சியாளர் சான்றிதழுக்கு வகுப்பு இரண்டே நாள் என்பதால், குழாயா இரும்பா என்று முடிவெடுக்கும் கண் ஆளுக்கு ஆள் மாறும். தொடங்கும் முன் முழங்கால், முதுகு, மாத்திரை பற்றி டிரெய்னர் கேட்கிறாரா? பாதியில் நின்றவரிடம் போய் எடையைக் குறைத்துக் கொடுக்கிறாரா, அல்லது “இன்னும் ரெண்டு, விடாதீங்க சார்!” என்று தூரத்திலிருந்து கத்துகிறாரா? மாதக் கட்டணத்தை அதைப் பார்த்த பிறகு கட்டலாம்.