கோஹங்கா ரேயோ ஆசிரியர் பயிற்சி

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் தம் மொழியை மீட்க நடத்தும் மழலையர் மையத்துக்குக் கோஹங்கா ரேயோ என்று பெயர். 'மொழிக்கூடு' என்பது பொருள். அங்கே கைக்குழந்தை முதல் பள்ளி வயதுப் பிள்ளை வரை எல்லோர் காதிலும் மாவோரி மட்டுமே விழ வேண்டும். அப்படிப் பேசிக்கொண்டே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காத இடத்தில்தான் இந்தப் பயிற்சியின் வரலாறு தொடங்குகிறது.

1867-இல் வந்த சட்டம் மாவோரிப் பிள்ளைகளின் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது. தாய்மொழியில் பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அடி வாங்கிய தலைமுறை தன் பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசியது. 1970-களில் ரிச்சர்ட் பென்டன் நடத்திய கணக்கெடுப்பில், சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியவர்களே என்று தெரிந்தது. 1982-இல் வெலிங்டனை அடுத்த வைனுயோமாட்டாவில் முதல் மொழிக்கூடு திறந்தபோது பாட்டிகளே ஆசிரியர்கள். பத்தாண்டுக்குள் மையங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின, பாட்டிகள் பெருகவில்லை. வேலைக்கு வந்த இளம் தாய்மார் பலருக்கு முதலில் மொழியே கற்பிக்க வேண்டியிருந்தது.

அதற்கு ஏற்ற முறை ஒன்று ஏற்கெனவே இருந்தது. கட்டரீனா மட்டாயிராவும் ஙோய் பேஃபைராங்கியும் 1979-இல் தொடங்கிய 'தே அட்டாராங்கி' வகுப்பில் புத்தகத்துக்குப் பதில் வண்ணக் குச்சிகள். ஆசிரியர் ஒரு சிவப்புக் குச்சியை எடுத்து "ஹே ராகாவ் ஃபெரோ" என்பார். 'குச்சி சிவப்பு' என்ற வரிசை. தமிழ்போல் அல்லாமல் அங்கே அடை பெயருக்குப் பின்னால் வரும். வகுப்புக்குள் ஆங்கிலம் கூடாது. திணறுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொடுக்கவும் கூடாது. தானே யோசித்துச் சொல்ல நேரம் கிடைப்பதால், பள்ளி நாட்களில் கூனிக் குறுகியவர்களுக்கு இந்த இரண்டாவது விதி பெரிய ஆறுதல்.

மொழிக்கூடுகளின் தேசிய அறக்கட்டளை பின்னர் 'ஃபாகாபாகாரி' என்ற மூன்றாண்டுப் படிப்பை உருவாக்கியது. மொழி, மரபு, குழந்தை வளர்ப்பு மூன்றும் அதில் ஒன்றாகவே வரும்.

1990-இல் மொழிக்கூடுகள் கல்வி அமைச்சகத்தின் கீழ் வந்ததும் சான்றிதழ்ச் சிக்கல் முளைத்தது. மொழி அறிந்த பாட்டியிடம் பட்டயம் இல்லை. பட்டயம் பெற்ற இளம் ஆசிரியருக்கு மொழி போதவில்லை. ஹவாயிலும் இதே சிக்கல்தான். அங்கே 1986-இல் சட்டத்தைத் திருத்தி, ஹவாய் மொழி மழலையர் பள்ளிகளுக்குத் தகுதி விதியில் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். நியூசிலாந்திலோ பதிவு பெற்ற ஆசிரியர்கள் உள்ள மையங்களுக்கே மானியம் கூடிக்கொண்டு போனது. மாவோரி மக்களோடு அரசு செய்த வைதாங்கி ஒப்பந்தம் மீறப்பட்டதா என்று பார்க்கும் வைதாங்கி தீர்ப்பாயம் 2012-இல் இதை விசாரித்து, அரசு மொழிக்கூடுகளைப் பிற மழலையர் மையங்களின் அச்சில் வார்க்கப் பார்த்தது ஒப்பந்த மீறல் என்று தீர்ப்பளித்தது.