மூச்சின் வழியே மருந்து

நுரையீரல் நோய்க்குரிய மருந்தை வயிற்றின் வழியாகச் சுற்றி அனுப்பாமல் மூச்சோடு சேர்த்து நேரே நுரையீரலுக்குள் செலுத்த வேண்டும் என்ற எண்ணம் மிகப் பழையது. ஆனால் அவ்வாறு செலுத்திய மருந்து உண்மையிலேயே நுரையீரலைச் சென்று சேர்கிறதா என்ற கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அறிஞர் அவைகளில் முறையாக எழுந்தது. கி.மு. 1550ஐ ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் எகிப்திய மருத்துவச் சுவடியான ஈபர்ஸ் பாப்பிரஸ், சூடேற்றிய கற்களின்மேல் மூலிகையை இட்டு, துளையுள்ள கலத்தால் அதை மூடி, துளையில் செருகிய நாணற்குழல் வழியே நோயாளி ஆவியை உறிஞ்ச வேண்டும் என்று கூறுகிறது. மருந்தைக் காற்றில் ஏற்றும் ஒரு வழி, அதைச் சிதறாமல் காக்கும் ஒரு கலம், வாய்வரை கொண்டுவரும் ஒரு குழல் ஆகிய மூன்றும் அங்கேயே அமைந்துவிட்டன.

1778இல் இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவர் ஜான் மட்ஜ், இருமல் பற்றி எழுதிய நூலில் தாம் அமைத்த கருவியொன்றை விவரித்து, அதற்கு ‘இன்ஹேலர்’ என்று பெயரிட்டார். மது அருந்தப் பயன்பட்ட வெள்ளீயக் கலவைக் குவளையே அக்கருவியின் உடல். மூடியில் வளையக்கூடிய குழாய் ஒன்றைப் பொருத்தி, உள்ளீடற்ற கைப்பிடியில் துளைகளை இட்டிருந்தார். நோயாளி குழாயில் மூச்சை இழுக்கும்போது வெளிக்காற்று கைப்பிடி வழியே இறங்கி, குவளையின் அடிப்பகுதியில் புகுந்து, வெந்நீரின் ஊடே மேலேறி, ஆவியைச் சுமந்துகொண்டு வாயை அடைந்தது. எளிய வீட்டுப் பாத்திரத்தில் காற்றின் போக்கை இவ்வளவு தெளிவாகத் திட்டமிட்ட அறிவு வியக்கத்தக்கது.

இவ்வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைமை மருத்துவராகவும், சாயப்பூச்சி வளர்ப்புக்காகச் சைதாப்பேட்டைப் பகுதியில் கள்ளித்தோட்டம் அமைத்தவராகவும் அறியப்பட்ட ஜேம்ஸ் ஆண்டர்சன், ஊமத்தையை உலர்த்திப் புகைத்தால் மூச்சிரைப்பு தணியும் என்ற இந்நாட்டு வழக்கத்தை ஏற்றுப் பரிந்துரைத்தார். ஜென்ட் என்ற படைத்தலைவர் 1802இல் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுசென்று எடின்பரோ மருத்துவர் சிம்ஸிடம் சேர்ப்பித்தார். ஐரோப்பாவில் எளிதில் கிடைத்த ஊமத்தை இனமொன்று விரைவில் அதன் இடத்தைப் பிடித்தது. ஊமத்தை இலை அடைத்த ‘ஆஸ்துமா சிகரெட்டுகள்’ இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருந்துக்கடைகளில் விற்பனையாயின. இந்த மூன்று ஐரோப்பியர்களின் பெயர்களும் மருத்துவ நூல்களில் நிலைத்துவிட, வழக்கத்தைத் தலைமுறைகளாகக் காத்துவந்த உள்ளூர் வைத்தியர்களுக்கு அங்கே இடம் கிடைக்காமற்போனது வருந்தத்தக்கது. ஊமத்தை கொடிய நஞ்சு என்பதால் இன்று அதை எவரும் புகைத்தல் கூடாது; எனினும் அதிலுள்ள அட்ரோபின் முதலிய வேதிப்பொருள்கள் மூச்சுக்குழாய்த் தசையைச் சுருங்கச் செய்யும் நரம்புத் தூண்டலைத் தடுக்கின்றன என்பது பின்னர் நிறுவப்பட்டது. இன்று மருத்துவமனைகளில் நெபுலைசரில் ஊற்றப்படும் இப்ராட்ரோப்பியம் அட்ரோபினிலிருந்து உருவாக்கப்பட்ட, அதைவிடத் தீங்கு குறைந்த மருந்தே ஆகும்.

புகைக்கும் ஆவிக்கும் ஓர் எல்லை உண்டு. எரிந்தோ ஆவியாகியோ காற்றில் ஏறக்கூடிய பொருளை மட்டுமே அவை சுமக்கும். நீரில் கரைந்த உப்பு, நீர் ஆவியானபின் பாத்திரத்திலேயே தங்கிவிடும். இத்தடை பிரான்சின் கனிமநீர் ஊற்று ஊர்களில் பெரிதாக உணரப்பட்டது, ஏனெனில் அங்கே வந்த நெஞ்சுநோயாளிகளுக்கு வேண்டியது நீரின் ஆவியன்று, நீரில் கரைந்திருந்த கந்தகமும் உப்புகளுமே. ஓஃபான் என்பவர் 1849இல் ஊற்றுநீரைச் சுவரில் பீய்ச்சி மோதச்செய்து, சிதறிய துளிகளால் அறை முழுவதையும் நிரப்பினார். பியர்ஃபோன் என்ற ஊற்று ஊரில் பணியாற்றிய ழான் சால்-ஜிரோன், அறையளவு இருந்த அந்த ஏற்பாட்டை 1858இல் மேசைமேல் வைக்கும் கருவியாகச் சுருக்கினார்; கையால் இயக்கும் பம்பு நீரை உறிஞ்சி, நுண்துளை வழியே விசையுடன் தள்ளித் தகடொன்றில் மோதச்செய்ய, நீர் பனிபோல உடைந்தது. கையில் எடுத்துச் செல்லத்தக்க முதல் நெபுலைசர், அதாவது மருந்துக் கரைசலைச் சூடாக்காமலேயே நுண்துளிகளாக்கும் கருவி, இதுவே என்று கருதப்படுகிறது.

இக்கருவி பாரிஸ் மருத்துவர்களிடையே கடும் விவாதத்தைக் கிளப்பியது. தொண்டையின் வளைவில் மோதித் துளிகள் அனைத்தும் அங்கேயே ஒட்டிவிடும், நுரையீரலுக்குள் ஒன்றும் செல்லாது என்றனர் ஒரு சாரார். விலங்குகளை நுண்துளிகளை நுகரச்செய்து, மூச்சுப்பாதையின் ஆழத்தில் கரைசலின் தடயத்தைத் தேடிய சோதனைகளை மறுசாரார் சான்றாகக் காட்டினர். துளியின் அளவை அளக்கும் வழி இல்லாத காலத்தில் அவ்விவாதம் முடிவுக்கு வர இயலவில்லை. இரு தரப்பினரும் பாதியளவு சரியாகவே கூறினர் என்பதை இன்று உறுதியாகச் சொல்லலாம்: பெரிய துளிகள் தொண்டையில் ஒட்டின, சிறியவை உள்ளே சென்றன.

அடுத்த சில ஆண்டுகளில் கருவியின் அமைப்பு வேகமாக மாறியது. ஒரு குழாயின் நுனியைக் குறுக்காகக் கடந்து காற்று விரைந்தால், அங்கு அழுத்தம் குறைந்து கீழுள்ள நீர் தானே மேலேறும் என்ற நெறியை பெர்க்சன் பயன்படுத்தினார். 1864இல் எமில் சீகிள் அதே வேலையைக் கொதிகலனின் நீராவியைக் கொண்டு செய்வித்தார். ஜோசப் லிஸ்டர் அறுவை அறைகளில் கார்பாலிக் அமிலம் தூவிய நீராவித் தெளிப்பானும் இக்கருவிக் குடும்பத்தையே சேர்ந்தது. ஆயினும் கருவி முந்திக்கொள்ள, மருந்து பின்தங்கியே இருந்தது. அன்று தெளிக்கப்பட்ட படிகாரமும் டானினும் அயோடினும் இழுப்பு நோயாளிக்கு அளித்த பயன் மிகக் குறைவு.

அந்தக் குறை அட்ரினலினால் நீங்கியது. 1901இல் தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்ட அட்ரினலின், முதலில் ஊசியாகவும் பின்னர் நுண்துளிகளாகவும் ஆஸ்துமாவுக்குத் தரப்பட்டது; 1929இல் லண்டனில் பெர்சி கேம்ப்ஸ் அதன் நுகர்வு முறையைப் பற்றி எழுதியபின் மருத்துவரிடையே அது பரவலாயிற்று. ரப்பர் குமிழை அழுத்தினால் இயங்கும் கண்ணாடி நெபுலைசர் நோயாளியின் வீட்டுக்குள் நுழைந்தது, அதைத் தொடர்ந்து மின்விசையால் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் வந்தது. ஆனால் கண்ணாடி எளிதில் உடைந்தது. அழுத்தும் கையின் விசைக்கேற்ப மருந்தின் அளவும் மாறியது. இக்குறைகளைக் கண்ட அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனம், வாசனைத் திரவியப் புட்டிகளின் அளவு வால்வையும் குளிர்பெட்டி வாயுவையும் இணைத்து, ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரே அளவு மருந்தை வெளியிடும் கைக்கருவியை 1956இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று மக்கள் இன்ஹேலர் என்று அழைப்பது இதன் வழிவந்ததே.

எளிமை ஆபத்தையும் உடன் கொணர்ந்தது. 1960களில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் ஆஸ்துமா இறப்புகள் திடீரென உயர்ந்தன. வீரியம் மிகுந்த ஐசோப்ரினலின் இன்ஹேலரை நோயாளிகள் அளவின்றிப் பயன்படுத்தியதே காரணம் என்று பலரும் கருதினர். மூச்சுக்குழாயின்மீது கூடுதலாகவும் இதயத்தின்மீது குறைவாகவும் செயற்படும் சால்பியூட்டமால் 1969இல் வந்தது. இன்றளவும் நெபுலைசர் கிண்ணத்தில் மிகுதியாக ஊற்றப்படுவது அதுவே.

அக்கிண்ணத்துக்குள் நிகழ்வதைக் கூர்ந்து நோக்கினால் பாரிஸ் விவாதத்துக்கான விடை கிடைக்கிறது. நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வரை விரையும் காற்றோ ஆக்சிஜனோ அடியிலுள்ள ஊசிமுனைத் துளையில் வெளிப்பட்டுக் கரைசலை மேலே இழுத்துச் சிதறடிக்கிறது. சிதறிய துளிகள் எதிரேயுள்ள சிறு தடுப்பில் மோத, பெரியவை கிண்ணத்துக்கே திரும்பி விழ, நுண்ணியவை மட்டும் காற்றோடு வெளியேறுகின்றன. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் அளவில் கூறினால், 1 முதல் 5 வரையுள்ள துளிகளே நுரையீரலின் உட்பகுதிகளில் நன்கு படிகின்றன. 10ஐத் தாண்டியவை பெரும்பாலும் வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் கரைசல் கிண்ணத்தின் சுவரில் ஒட்டியே வீணாகிறது. நோயாளி மூச்சை வெளிவிடும் நேரத்திலும் துளிகள் பறந்து மறைகின்றன. சாதாரண ஜெட் நெபுலைசரில் ஊற்றிய மருந்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் நுரையீரலை அடைகிறது.

ஆகவே, பெரிய இயந்திரம் தருவதே வலிமையான மருத்துவம் என்ற நம்பிக்கைக்குச் சான்று இல்லை. உயிருக்கு ஆபத்தான இழுப்பிலும், ஆக்சிஜனோடு சேர்த்து மருந்து தர வேண்டிய நிலையிலும் நெபுலைசர் இன்றியமையாதது. ஆனால் அவ்வளவு கடுமையற்ற இழுப்பில், இன்ஹேலரோடு பொருத்தும் கூடான ஸ்பேசர் அதற்கு இணையாகவே பயன்தருகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கேப் டவுனில் ஹெதர் ஸார் தலைமையிலான குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், அடியில் துளையிட்டு இன்ஹேலரைச் செருகிய 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் புட்டி, விலைகொடுத்து வாங்கிய ஸ்பேசருக்கு ஈடாகக் குழந்தைகளுக்குப் பயன்பட்டது. குழந்தையின் இழுப்புக்காக வீட்டில் நெபுலைசர் வாங்க எண்ணும் பெற்றோர், ஸ்பேசரைப் பிடிக்கும் முறையை மருத்துவரிடம் நேரில் செய்துகாட்டச் சொல்லி முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.